ஐந்து கறுப்புக் கட்டைகள்

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கைப்பேசியில் நான்கு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருந்தார்கள். காவேரிப்பட்டினத்தில் மாம்பழப் பருவத்தில் நடக்கக்கூடிய கதைதான். மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை ஒரு சிறுமி தெருமுனையில் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பு மட்டும் 48 வினாடிகள். அதற்குப் பின்னணியாக, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அம்மா பாட்டைப் போட்டிருந்தார்கள். வகுப்பில் போட்டுக் காட்டியபோது பாதி வகுப்பு கூடவே பாட ஆரம்பித்துவிட்டது. படமெடுத்த மாணவி முகம் வாடிப்போய்ச் சொன்னாள்: “சார், எல்லாரும் பாட்டத்தான் பாடுறாங்க. பாப்பாவ யாருமே பாக்கல.”

அவள் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் தொடக்கம். பிறர் பாட்டை அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. தன் படத்தைத் தன் கண்ணெதிரே ஒரு பாட்டு விழுங்கியதைப் பார்த்ததும் அவர்களே கேட்டார்கள்: “அப்ப நாமளே போடலாமா?”

பள்ளியில் இசைக்கருவி கிடையாது, இசையாசிரியரும் இல்லை. கணினி ஆய்வகம் இருந்தது. அதில் ஒரே ஒரு பியானோவை வைத்துக்கொண்டு முழுப் பின்னணி இசையையும் அமைப்பது என்று விதி வைத்தோம்.

கணினிக்குள் பியானோ எப்படி வருகிறது என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. உண்மையான பியானோவின் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, அந்த ஒலிகளைத் தனித்தனியே பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு ‘சாம்பிளிங்’ என்று பெயர். நாம் கணினியில் ஒரு சுரத்தைக் குறித்ததும் அதற்குரிய பதிவு ஒலிக்கிறது. ‘சாலமாண்டர் கிராண்ட் பியானோ’ இவ்வாறு இலவசமாகக் கிடைக்கும் ஒரு தொகுப்பு. யமாஹா பியானோ ஒன்றின் 88 கட்டைகளில் மூன்றுக்கு ஒன்றாக 30 கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய தொடுதல் முதல் ஓங்கிய அடி வரை 16 அழுத்தங்களில் பதிந்திருக்கிறார்கள். மொத்தம் 480 பதிவுகள். இடைப்பட்ட கட்டைகளின் ஒலியைப் பக்கத்துக் கட்டையின் பதிவைச் சற்று விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டிப் பெறுகிறது மென்பொருள். பழைய கணினிகளில் முழுத் தொகுப்பு திணறும், எடை குறைந்த பதிப்பே போதும். சுரங்களைக் குறிக்க எல்.எம்.எம்.எஸ். அல்லது மியூஸ்ஸ்கோர், ஒலியைத் திருத்த ஆடாசிட்டி. எல்லாமே இலவசம். விசைப்பலகைக் கருவி வேண்டியதில்லை, சுட்டியால் கட்டங்களில் வரைந்தால் போதும்.

இசையே படிக்காத பிள்ளைகள் எந்தச் சுரத்தில் தொடங்குவது? கறுப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தச் சொன்னேன். அவை ஐந்தே சுரங்கள், எந்த வரிசையில் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவதை ஸட்ஜமாகக் கொண்டால் மோகனம் வருகிறது. நடுக்கட்டையைக் கொண்டால் மத்யமாவதி, கடைசியைக் கொண்டால் இந்தோளம். இரண்டு சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவது சுத்த சாவேரியையும் இரண்டாவது சுத்த தன்யாசியையும் தரும். நம் இசையில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் மோகனத்தில் நான்கு சுரங்கள் கொண்ட ஒரு துணுக்கைக் கேட்கச் செய்து, அதே கட்டைகளில் சுத்த தன்யாசியாக நிற்கும் இன்னொரு துணுக்கையும் கேட்கச் செய்யுங்கள். “மொதல்ல அம்மா வர்றாங்க, ரெண்டாவதுல வரல” என்றான் ஒருவன். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், தமிழ்க் கட்டுரையில் வாய் திறக்காதவன் அவன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பியானோவில் கமகம் கிடையாது. சுரத்தை அசைக்க முடியாது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் முடியாது. ஆகவே அதில் வருவது ராகத்தின் எலும்புக்கூடு மட்டுமே. இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம்.

அடுத்து நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு ஒரு வினாடி. 48 வினாடிக் காட்சிக்கு 48 தட்டுகள், நான்கு நான்காகப் பிரித்தால் 12 அளவைகள். வேகத்தை 75 ஆக்கினால் அதே காட்சிக்கு 60 தட்டுகள், 15 அளவைகள். சிறுமி தலை திருப்பும் 20ஆம் வினாடி எந்தத் தட்டில் விழும் என்பதைக் கணக்காசிரியர் உதவியின்றி அவர்களே கண்டுபிடித்தார்கள்.

முதல் முயற்சி மோசமாக இருந்தது. எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், கைப்பேசி அழைப்பு மணிபோல ஒலித்தது. அழுத்த அளவு 1 முதல் 127 வரை போகும். மென்பொருள் தானாகக் கொடுத்த எண்ணை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் எண்ணை மாற்றச் சொன்னபோது சலித்துக்கொண்டார்கள், 30, 45, 38 என்று மாற்றிக் கேட்டதும் சலிப்பு போய்விட்டது. இந்த ஒரு வேலைக்கே ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள்.

பியானோவுக்கு இன்னொரு குறை உண்டு. அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கும். வயலின்போலப் பெருக்கிக்கொண்டே போக முடியாது. திரைப்படத்துக்கோ பெருகி வரும் ஒலி அடிக்கடி தேவைப்படுகிறது. இங்கேதான் பதிவு செய்த பியானோ கைகொடுக்கிறது. ஒரு தாழ்ந்த சுரத்தைக் கோப்பாக எடுத்து ஆடாசிட்டியில் பின்னோக்கி ஓடவிட்டால், தேய்ந்த ஒலி வளர்ந்து வந்து சட்டென நிற்கும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கி, நீளம் இருமடங்காகிக் கோயில் மணிபோல முழங்கும். சுத்தியல் விழும் அந்த முதல் நொடித்துளியை வெட்டிவிட்டு மெல்ல எழச் செய்தால் அது பியானோ என்று யாரும் நம்பமாட்டார்கள்.

குறைந்த சுரங்களால் என்ன முடியும் என்று ஐயப்படுவோர்க்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியைச் சொல்லலாம். 1951–53இல் அவர் எழுதிய ‘முசிக்கா ரிச்செர்காத்தா’ 11 பியானோத் துண்டுகள் கொண்டது. முதல் துண்டு ஏறக்குறைய முழுவதும் ஒரே சுரம், வெவ்வேறு ஸ்தாயிகளில். இன்னொரு சுரம் முடிவில்தான் வரும். இரண்டாம் துண்டில் மூன்றே சுரங்கள். அதைத்தான் ஸ்டான்லி குப்ரிக் 1999இல் வெளிவந்த தம் கடைசிப் படத்தில் அச்சமூட்டப் பயன்படுத்தினார். மௌனப்பட காலத்தில் அரங்கிலேயே ஒருவர் பியானோவோடு அமர்ந்து படத்துக்கு வாசித்ததும் உண்டு. சிறார் திரைப்பட விழா வழியாகச் சாப்ளினின் ‘தி கிட்’ பார்த்திருக்கும் வகுப்பென்றால், பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக, சாப்ளின் கூரைமேல் ஓடும் காட்சியை ஒலியின்றிக் காட்டி, இங்கே எந்தச் சுரம் வரும் என்று கேட்டுப் பாருங்கள். 1921ஆம் ஆண்டுப் படம் அது. அதற்குச் சாப்ளின் தாமே இசையமைத்தது 1971இல்!

எங்கள் குழுவில் ஒரு மாணவன் மாசியில் மயானக் கொள்ளைக்கு அப்பாவோடு பம்பை அடிக்கப் போகிறவன். பம்பைதான் வேண்டும் என்று பிடிவாதம். விதியை நினைவூட்டினோம். மறுநாள் பியானோவின் மிகத் தாழ்ந்த சுரங்களை மிகக் குறுகலாக வெட்டி அடுக்கி, பம்பையின் நடையைக் கொண்டுவந்துவிட்டான். நடை அபாரம்தான், காத்திருக்கும் சிறுமிக்குத்தான் அது பொருந்தவில்லை. எடுத்துவிடலாம் என்று குழு முடிவு செய்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து கேட்டான்: “அம்மா வர்ற எடத்துல எந்தச் சத்தமும் வேணாம் சார். பேர் போடுறப்ப என்னுத வெச்சிக்கலாமா?”

அப்படியே வைத்தார்கள். அம்மா தெருமுனையில் திரும்பும்போது பியானோ நின்றுவிடுகிறது, நெடுஞ்சாலையில் லாரி போகும் ஓசை மட்டும் கேட்கிறது. வகுப்பில் இம்முறை யாரும் பாடவில்லை.