துணி ஊரில் பிறந்த புல்வெட்டி

ஹனூருக்கு அண்மையில் உள்ள கொள்ளேகால் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். (1956 வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதையும் நினைவிற் கொள்க.) அதுபோல, இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊர் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. புல்வெட்டும் இயந்திரம் தோன்றியது பூங்காவில் அன்று. இந்தத் துணி ஊரில்தான்.

நெய்து முடித்த கம்பளியின் மேற்பரப்பில் இழைகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சமமாகக் கத்தரிப்பதற்கு, கத்திகள் பொருத்திய சுழலும் உருளை ஒன்று ஆலைகளில் இருந்தது. எட்வின் பட்டிங் என்னும் இயந்திர வினைஞர் அதனைக் கண்டார். இழையைக் கத்தரிக்கும் கருவி புல்லையும் கத்தரிக்குமன்றோ! 1830 ஆகஸ்டு 31 அன்று அவர் காப்புரிமை பெற்றார். ஜான் ஃபெராபி என்பவர் அவருக்குக் கூட்டாளியானார்.

அதுவரை புல்வெளிகளை ஆட்கள் நீண்ட பிடியுள்ள பெரிய அரிவாளால் அறுத்தனர். பனியீரம் உலர்வதற்கு முன்பே அறுத்தல் நன்று என்பதால், விடியற்காலையிலேயே வேலை தொடங்கும். புதிய இயந்திரத்திற்கோ உலர்ந்த புல்லே ஏற்றது.

அது செயற்படும் முறையைக் காண்போம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளும்போது, தரையில் உருளும் கனத்த உருளை பற்சக்கரங்களைச் சுழற்றும். அவை கத்தி உருளையை அதனினும் விரைவாகச் சுழற்றும். கீழே அசையாத கத்தி ஒன்று உண்டு. இரண்டிற்கும் இடையில் அகப்படும் புல், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் வெட்டுண்டு, முன்னுள்ள தட்டில் விழும். இரும்பாலானது, ஆகையால் மிகுந்த பளு. முன்னாலிருந்து மற்றொருவர் இழுப்பதற்கும் கைப்பிடி வைத்திருந்தனர் என்றால், தள்ளியவர் பட்ட பாட்டை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இப்சுவிச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் 1832 முதல் உரிமம் பெற்று இவ்வியந்திரங்களைச் செய்தது. ஆயினும் அக்காலத்தவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. ஏன்? அரசர் அணிந்த வாளைப் பேழையில் வைத்துக் காப்பார்கள். தோட்டக்காரர் தள்ளிய இயந்திரத்தை யார் காப்பார்? தேயும்வரை உழைத்தது, தேய்ந்தபின் பழைய இரும்பாய் உலைக்குச் சென்றது. தப்பியவற்றுள் ஒன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. சௌத்போர்ட் நகரில் புல்வெட்டிகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. புதுவண்ணம் பூசிப் பளபளக்கும் இயந்திரத்தைக் காட்டிலும், தேய்ந்த பற்களையுடைய ஒன்றே நமக்கு மிகுதியான செய்தி கூறும். எப்பகுதி மிகுதியாக உழைத்தது, எதனைப் பின்னர் மாற்றினர் என்பன அதன் உடலிலேயே பதிந்துள்ளன.

1842இல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய இயந்திரத்தைச் செய்தார். குளம்புகள் புல்வெளியில் பள்ளம் பதிக்காதிருக்கக் குதிரைக்குத் தோற்காலணி அணிவித்தனர்! அக்காலணிகளும் சில அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. நம் நாட்டிலோ, பெரிய புல்வெளிகளில் அத்தகைய இயந்திரங்களை எருதுகள் இழுத்தன.

பயிற்சி

1. கம்பளி ஆலைக் கருவிக்கும் புல்வெட்டிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. பழைய புல்வெட்டிகள் மிகச் சிலவே எஞ்சியதன் காரணத்தை எழுதுக.
3. உம் வீட்டிலுள்ள பழைய கருவி ஒன்றை உற்றுநோக்குக. அதில் தேய்ந்த பகுதி எது? அஃது ஏன் தேய்ந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.