காரணம் அறியாத் துயர்: அல்பல்கீ காட்டும் வழி

உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் நோய் வரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூலாக வகுத்துரைத்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ ஆவார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரின் அருகே பிறந்த அவர் கி.பி. 934இல் மறைந்தார். 'உடல்கள், உள்ளங்கள் ஆகியவற்றின் நலன்கள்' எனப் பொருள்படும் அவருடைய அரபு நூல், உடல்நலத்தை ஒரு பகுதியிலும் உளநலத்தை மறு பகுதியிலும் பேசுகின்றது.

துயரத்தை அவர் இருவகையாகப் பகுக்கின்றார். இழப்பு முதலிய காரணம் தெரிந்து வருவது ஒன்று. காரணம் புலப்படாமலே வந்து, மகிழ்ச்சியையும் செயலூக்கத்தையும் பறிப்பது மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் உள்ளது என்பது அவர் துணிபு. அக்கால மருத்துவக் கொள்கைப்படி அதனைக் குருதியின் கேடு என்றார். அவ்விளக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும், அதனைக் குற்றமாகக் கொள்ளாது நோயாகக் கொண்ட பார்வை இன்றும் பொருந்துவதேயாம்.

ஈண்டு ஆசிரியராகிய நாம் நம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும். சில வாரங்கள் வகுப்பிற்கு வாராது, பின் நன்கு பயின்று, மீண்டும் ஒதுங்கும் மாணவரைச் 'சோம்பேறி' எனக் கடிந்ததில்லையா? குறளின் 63ஆம் அதிகாரமாகிய 'இடுக்கண் அழியாமை'யைப் படிக்கச் சொல்லி அனுப்பியதில்லையா? இடுக்கண் வந்தபோது கலங்காதிருக்கக் கற்பிப்பது அவ்வதிகாரம். இடுக்கண் ஏதுமில்லாத நாளிலும் எழ இயலாதவர்க்கு, நாம் கூறும் அவ்வறிவுரை பழிச்சொல்லாகவே படுகின்றது.

நலமுடன் இருப்போரும் எதிர்பாரா நோய்க்கென மருந்தைக் கைவசம் வைத்திருப்பர். அதுபோல, மனம் தெளிந்த நாளிலேயே தளரும் நாளுக்கு உதவும் எண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறார் அல்பல்கீ. மீள மீள வரும் சோர்வுடையார்க்கு இது சாலப் பொருந்தும். உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, நண்பரைத் தவிர்த்தல் என அவரவர்க்குத் தோன்றும் முதற்குறிகளைத் தெளிந்த நாளிலேயே எழுதி வைக்கலாம். 'சென்ற முறையும் இது நீங்கியது' என்பதையும் உடன் எழுதலாம். நம்பத்தக்க ஒருவரிடம் முன்னரே சொல்லி வைக்கலாம்.

சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். அவர் தந்த மருந்தை, தெளிவு வந்ததும் தாமே நிறுத்துதல் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் காத்திராது உதவி கோருதல் வேண்டும். 2022இல் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் உளநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் இதனை மறைத்தற்குரிய இழுக்காகக் கருதாதிருத்தல் வேண்டும். ஆசிரியராகிய நாமோ, மாணவர் வாராத நாளில் வருகைப் பதிவேட்டை மூடுமுன் அவர் நலத்தை ஒருமுறை கேட்டறிவோமாக.