நயினாதீவு போகும் வழியில் கொஞ்சம் பொது அறிவு



ஆனி மாதத் திருவிழா நெருங்கும்போது நயினை நாகபூசணி அம்மனிடம் போய்வர நம்ம தோட்டங்களிலும் ஆட்கள் புறப்படுகிறார்கள். சிலர் வேன் பிடிக்கிறார்கள், சிலர் பஸ் மாறி மாறிப் போகிறார்கள். சோற்றுப் பொட்டலம், மாற்றுத் துணி, கைக்குழந்தை எல்லாம் சேர்ந்த பயணம் அது. இந்த முறை அந்த வழியையே பாடமாக எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் "பொது அறிவு" என்று கேள்வி பதில் புத்தகத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பதை நாம் எல்லா லயங்களிலும் கேட்கிறோம். தாஜ்மகாலைக் கட்டியவர் ஷாஜகான், டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரகாம்பெல் என்று பதில் டக்கென்று வரும். ஏன், எப்படி என்று திருப்பிக் கேட்டால் பிள்ளை முழிக்கும். பிள்ளையைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. புத்தகத்திலேயே அந்த "ஏன்" இல்லையே!

வழியைப் பார்ப்போம். கண்டி வீதியால் வடக்கே போனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் ஆனையிறவு வரும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப் பகுதிக்குள் போக வேண்டும். வேலணை கடந்து, இருபக்கமும் கடல் கிடக்க நடுவே நீண்டு போகும் வாணர் பாலத்தில் பஸ் ஓடும். பாலம் வேண்டும் என்று பாடுபட்ட புங்குடுதீவு வாணர் சகோதரர்களின் பெயர் அது. பாலம் முடிந்தால் மடத்துவெளி. அங்கிருந்து புங்குடுதீவைக் குறுக்கே கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போய் வள்ளம் ஏற வேண்டும்.

மடத்துவெளி என்ற பெயரையே பாருங்கள். மடம் என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். வெளி என்றால் திறந்த நிலம். போகிறவர் வருகிறவரை நினைத்து வைத்த பெயர் என்று கேட்டவுடனே தெரிகிறது. நம்ம ஊர்களில் அப்படியா? புண்டலுஓயாப் பக்கத்து டன்சினேன், தலவாக்கலைப் பக்கத்து ஹோலிரூட், இன்னும் பல்மோரல். இவையெல்லாம் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஸ்கொட்லாந்தில் உள்ள மலையின் பெயரும் மாளிகையின் பெயரும். துரைமார் தங்கள் ஊர் நினைப்பில் வைத்தார்கள்.

தீவுகளுக்கும் இப்படி ஒரு காலம் வந்தது. 1619 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். 1658 இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஒல்லாந்தர் வரைபடத்தில் காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், அம்ஸ்டர்டாம் ஆனது. வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ற். எல்லாம் நெதர்லாந்து நாட்டு ஊர்கள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒல்லாந்தர் இங்கே வந்தது ராஜாவின் படையாக இல்லை, 1602 இல் தொடங்கிய ஒரு வியாபாரக் கம்பெனியாக. அந்தக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் கிளை இருந்தது. அம்ஸ்டர்டாம், மிடல்பேர்க், றொட்டர்டாம், டெல்ப்ற் நாலும் அந்த ஆறில் சேர்ந்தவை. ஆகவே தீவுகளில் பாதிக்கு மேல் கம்பெனிக் கந்தோரின் பெயர் விழுந்திருக்கிறது! கம்பெனி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹார்லெம் என்ற பெயரை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டையும் கவிதையையும் பற்றிப் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். நியூயோர்க் நகரில் உள்ள ஹார்லெமுக்கும் பெயர் வைத்தவர்கள் ஒல்லாந்தர்தான், அதுவும் அதே 1658 இல். அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. நயினாதீவில் ஒட்டவில்லை. இங்கே டெல்ப்ற் ஒன்றுதான் இன்றும் ஆங்கிலத்தில் புழங்குகிறது. தமிழில் அதுவும் நெடுந்தீவுதான்.

வேலணையில் இருந்து கிளைவழியாகப் போனால் ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் அதைக் கயிட்ஸ் என்பார்கள். போர்த்துக்கேயர் இந்தத் துறையை "யானைகளின் துறைமுகம்" என்று அழைத்தார்கள். அவர்கள் பாஷையில் துறைமேடைக்கு உள்ள சொல்தான் தேய்ந்து கயிட்ஸ் ஆயிற்று. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை நடத்திக் கொண்டுவந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிய இடம் இது. வரும்போது கடந்த ஆனையிறவு ஞாபகம் இருக்கிறதா? யானை கடலில் இறங்கிக் குடாநாட்டுக்குள் வந்த இடம் அது. இறங்கிய இடம் ஒன்று, கப்பலேறிய இடம் இன்னொன்று. இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் ஒரு வியாபாரப் பாதை முழுசாகத் தெரிகிறது.

இதே ஊர்காவற்றுறையில் கரம்பன் என்ற ஊரில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குருவாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, உலகம் முழுக்கத் தமிழைத் தேடித் திரிந்தவர். ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் இருந்த, 1679 இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மீண்டும் பதிப்பித்தார். அதே ஆண்டு கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதிலும் முன்நின்றவர் அவரே. 1980 இல் காலமானார். சின்னத் தீவில் பிறந்தால் சின்ன உலகம்தான் என்பது பொய் என்று காட்ட இவர் ஒருவர் போதும்.

இனி நயினாதீவு. கோயிலில் கற்பூரம் காட்டி, அன்னதானம் சாப்பிட்டு, விகாரையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே ஒரு கல்வெட்டும் உண்டு. பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்தது. தமிழில் வெட்டுவித்தது என்பதைக் கவனியுங்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963 இல் எழுதினார். பாடப் புத்தகத்தில் இந்த மன்னனைக் குளம் கட்டியவராக, மழைத் தண்ணியை வீணாகக் கடலுக்கு விடாதவராகப் படித்திருக்கிறோம். நயினாதீவுக் கல்லிலோ கப்பல் சட்டம் சொல்கிறார்.

சட்டத்தின் சாரம் இது. ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வெளிநாட்டார் வந்து கூட வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. ஏன் யானை குதிரைக்கு மட்டும் இந்தச் சலுகை? மன்னனுக்கு அவற்றில் விருப்பம் என்று கல்லே சொல்கிறது. படைக்கு வேண்டியதைக் கொண்டுவருகிறவன் நட்டத்துக்குப் பயந்து வேறு துறைக்குப் போய்விடக் கூடாதே! யானை இங்கிருந்து போனதும் உண்டு, இங்கே வந்ததும் உண்டு என்பதையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு வேறொரு நினைப்பும் வந்தது. கடல் தாண்டி வந்தவனுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்று எண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த மண்ணில் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் அனேகம். அவர்கள் பிள்ளைகளிடம் 1948 இல் ஒரு சட்டம் "நீங்கள் இந்த நாட்டவர் இல்லை" என்றது. அதைச் சரிசெய்யும் சட்டங்கள் 2003 இலும் வந்துகொண்டிருந்தன. ஐம்பத்தைந்து வருஷம். சரித்திரப் பாடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நேரமும் கடலும் ஒத்துவந்தால் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கும் போகலாம். கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், மனிதர் வளர்த்துப் பின் கட்டாக்காலியாகிப் போன குதிரைகள், ஆபிரிக்காக் கண்டத்து மரமான பெருக்கு எல்லாம் அங்கே உண்டு. பெருக்கு மரத்தின் அடி பெருத்துக் குடம் மாதிரி இருக்கும், அதற்குள்ளே ஆள் நிற்கலாம். அரபு வியாபாரிகள் கொண்டுவந்தது என்பார்கள். வேற்றுநாட்டு மரம் என்று அதிசயப்பட வேண்டாம். நாம் கொழுந்து பறிக்கிற தேயிலையும் வெளியில் இருந்து வந்ததுதான். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுத் தொடங்கினார். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி படுத்தது, தேயிலை எழுந்தது.

திரும்பும்போது மடத்துவெளியில் கொஞ்சம் நிற்போம். இங்கேதான் நமக்கு மிகப் பெரிய "ஏன்" இருக்கிறது. பிள்ளைக்குத் தாகம், வீதியோரத்து வீட்டில் தண்ணி கேட்கிறோம் என்று வையுங்கள். "கிணத்துத் தண்ணி உவர் பிள்ளை, பொறு, நல்ல தண்ணி எடுத்து வாறன்" என்று ஆச்சி உள்ளே போவார். கிணறு நிறையத் தண்ணி இருக்கும்போது குடிக்க வேறு தண்ணியா என்று மலைநாட்டுப் பிள்ளை ஆச்சரியப்படும். நமக்குப் பீலியைத் திறந்தால் குளிர்ந்த தண்ணி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் துளையும் நிறைய இருப்பதால் ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே இறங்கித் தங்குகிறது. ஆனால் தீவைச் சுற்றிக் கடல், அதே துளைகளால் கடல் தண்ணியும் அடியில் வந்து நிற்கிறது. இரண்டும் ஏன் கலந்துவிடவில்லை? மழைத் தண்ணி இலேசு, கடல் தண்ணி பாரம். ஆயிரம் கிலோ நல்ல தண்ணி பிடிக்கும் தொட்டியில் கடல் தண்ணியை நிரப்பினால் சுமார் ஆயிரத்து இருபத்தைந்து கிலோ நிற்கும். அதனால் நல்ல தண்ணி மேலே மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, மூக்குக்கண்ணாடி வில்லை மாதிரி ஒரு அடுக்காகக் கிடக்கிறது.

19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் ஒருவரும், அவரை அறியாமல் 1901 இல் ஜெர்மனியர் ஒருவரும் இதைக் கணக்காக எழுதினார்கள். கிபன், ஹெர்ஸ்பேர்க் என்பது அவர்கள் பெயர். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். கேட்க நல்ல சேதிதான். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழே இருந்து உப்புத் தண்ணி நாற்பது அடி ஏறி வரும்.

துலாவில் பட்டை கட்டிக் கையால் இறைத்த காலத்தில் கிணறு மெல்ல இறங்கி, இரவில் மெல்ல ஊறியது. மெஷின் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால், உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே உப்புத் தண்ணி கூம்பு மாதிரி மேலே எழும்பும். ஒருதடவை உவராகிய கிணறு திரும்பி நல்லதாக எத்தனையோ மாரி வேண்டும். பணம் கொடுத்தும் வாங்க முடியாத தண்ணி அது. 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தால் தீவுப் பகுதிச் சனங்களில் பெரும்பாலானவர்கள் இடம்பெயர்ந்தார்கள். காலம் கழித்துத் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கியவர்கள் கிணற்றை இறைத்து, முதல் வாளித் தண்ணியை நாக்கில் வைத்துத்தான் பார்த்திருப்பார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவு இல்லை. ஒரு கண்ணாடி கிளாசில் அரைவாசிக்குத் தண்ணி எடுத்து, நாலு கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் கரையுங்கள். சீனி போடாத சாயத்தண்ணி கொஞ்சம் வடித்து நன்றாக ஆற வையுங்கள். சூடாக ஊற்றினால் சூட்டினாலும் அது மிதக்கும், கணக்குப் பிழைத்துவிடும். சீனி போட்டால் பாரமாகிவிடும். ஒரு கரண்டியை உப்புத் தண்ணியின் மேல் படும்படி பிடித்து, அதன் மேலே சாயத்தண்ணியைத் துளித் துளியாக விடுங்கள். மேலே சிவப்பு, கீழே தெளிவு என்று இரண்டு அடுக்கு நிற்கும். மேலே நிற்பது மடத்துவெளிக் கிணற்றின் நல்ல தண்ணி, கீழே கடல்.

இப்போது ஒரு ஸ்ட்ரோவைச் சிவப்பு அடுக்குக்குள் மட்டும் படும்படி வைத்து மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். வெறும் சாயம்தான் வரும். பிறகு அதே இடத்தில் வைத்து வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மிடறு நாக்கில் உப்புக் கரிக்கும்.