வைஸ் பிரசிடென்ட் என்பது நடுப்படிதான்

“பையன் முதலீட்டு வங்கியில் வைஸ் பிரசிடென்ட் ஆகிவிட்டான்” என்று ஆவடியில் ஒரு வீட்டில் சொன்னால், முதலாளிக்கு அடுத்த நாற்காலி கிடைத்துவிட்டதாகவே தெரு நம்பும். உண்மையில் அது நடுப்படி. அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் என ஏணி நீள்கிறது. உச்சிப்படியிலும் ஒரே வங்கியில் பலர் இருப்பார்கள். கீழே எக்செல் கணக்கு; மேலே போகப் போக, நிறுவனங்களை வாடிக்கையாளராக அழைத்து வருவதுதான் வேலை. இதில் தேறாதவர் நடுப்படியிலேயே நின்றுவிடுவார்.

முதலீட்டு வங்கியாளர்கள் பங்குச் சந்தையில் பணம் போட்டுச் சம்பாதிப்பவர்கள் என்பது அடுத்த நம்பிக்கை. அதுவும் தவறு. நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டித் தருவதும், ஒன்றை இன்னொன்று வாங்கும்போது விலை கணித்துப் பேரம் பேசுவதும்தான் இவர்களின் தொழில். அம்பத்தூரில் சைக்கிள் தயாரித்து வளர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், கணக்கு முறைகேடுகளில் சிக்கியிருந்த சி.ஜி. பவரை 2020இல் கையகப்படுத்தியது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் கடன் எவ்வளவு, மறைந்திருப்பது எவ்வளவு, மிஞ்சும் மதிப்பு எவ்வளவு என்று கண்டுசொல்வது லேசான வேலையல்ல.

ஐ.ஐ.எம். பட்டம் இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது என்பதுதான் நம் பிள்ளைகளை அதிகம் தடுக்கும் நம்பிக்கை. பெரிய வெளிநாட்டு வங்கிகள் அந்த வளாகங்களைத்தான் முதலில் நாடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வங்கியாளர் நா. வாகுல் எங்கிருந்து வந்தார்? சென்னை லயோலா கல்லூரியில் படித்து, முதல் ஐ.ஐ.எம். தோன்றுவதற்கு முன்பே ஸ்டேட் வங்கியில் சேர்ந்தவர். 44 வயதில், 1981இல், பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார், 1985இல் ஐ.சி.ஐ.சி.ஐ.க்குத் தலைமையேற்றார். அது அன்று தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் நிறுவனம். கடன் தகுதியை மதிப்பிடும் கிரிசில் 1987இல் அவர் முயற்சியில் பிறந்தது. 1993இல் ஜே.பி. மார்கனுடன் சேர்ந்து முதலீட்டு வங்கி நிறுவனம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். கடன் கொடுக்கும் மேசையில் ஒரு தொழிலை எடைபோடக் கற்றவருக்கு அந்தத் துறை எட்டாத உயரமாக இல்லை.

இன்று சி.ஏ. படிப்பும் இந்தத் துறைக்கு நல்ல வாசல். வேலை பெரிய வெளிநாட்டு வங்கிகளில் மட்டும் இல்லை. 2012 முதல் சிறு நிறுவனங்களுக்கென்றே தனிப் பங்குச்சந்தைத் தளங்கள் இருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டின் நடுத்தரத் தொழிற்சாலையும் அங்கே பங்கு வெளியிடலாம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர், அதாவது முதலீட்டு வங்கியாளர், அந்த நிறுவனத்தை ஆராய்ந்து சான்று தரவேண்டும்; வெளியீட்டில் குறைந்தது 15 சதவீதத்துக்குத் தன் கணக்கிலேயே பொறுப்பேற்கவும் வேண்டும். ஆர்டர் புத்தகம் நிரம்பியிருந்தும் இயந்திரம் ஏன் சும்மா நிற்கிறது, ஜாப் ஒர்க் பணம் எத்தனை மாதம் கழித்து வருகிறது என்று அங்கே கேட்டாக வேண்டும். லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகளுக்கு இந்தக் கேள்விகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.