தோப்பு வைக்கப் பணம் எங்கே?

பள்ளிக்குப் பின்னால் 1 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஊருக்குப் பொதுவான நிலம். முள் மண்டிக் கிடக்கிறது. அங்கே மாந்தோப்பு வைக்கலாம் என்று மகளிர் குழு பேசியது. மாலையில் படிப்பு மையத்திலும் இதே பேச்சு.

"யோசனை நல்லதுதான் தம்பி. பணம்?" என்று கேட்டார் பெரியம்மா. "முன்பு ஒருவர் வந்தார். மானியத்தில் கன்று வாங்கித் தருகிறேன் என்றார். குழுப் பணம் 3,000 ரூபாய் கொடுத்தோம். ஒரு காகிதத்தில் கைநாட்டும் வைத்தோம். அதில் என்ன எழுதியிருந்தது? இன்று வரை தெரியாது. கன்றும் வரவில்லை. ஆளும் வரவில்லை."

எல்லோரும் பேசாமல் இருந்தோம். அது வாரம் 10 ரூபாயாகச் சேர்த்த பணம்.

"இந்த முறை படித்துப் பார்த்துச் செய்வோம், பெரியம்மா" என்றேன். பிறகு குஜராத் மக்களின் கதையைப் படித்தோம்.

வாடி

குஜராத்தின் தெற்கே வான்ஸ்தா என்ற பகுதி உள்ளது. பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதி. மழைக்காலம் முடிந்தால் அங்கே வேலை இல்லை. குடும்பம் குடும்பமாக வெளியூருக்குக் கூலிக்குப் போனார்கள்.

1982-இல் பைஃப் என்ற தொண்டு நிறுவனம் அங்கே வந்தது. இதைத் தொடங்கியவர் காந்தியடிகளின் சீடர் மணிபாய் தேசாய். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தில் சுமார் 1 ஏக்கரில் மாவும் முந்திரியும் நட்டது. வேலி ஓரத்தில் காட்டு மரங்களை நட்டார்கள். நடுவில் ஊடுபயிர் செய்தார்கள். இதற்கு 'வாடி' என்று பெயர். வாடி என்றால் தோட்டம்.

பணம் எப்படி வந்தது? மக்கள் முதலில் தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். குழி வெட்டினார்கள். தண்ணீர் சுமந்தார்கள். தோட்டம் வளர்ந்ததைப் பார்த்துப் பிறகு உதவி பெருகியது. 1990-களில் நபார்டு வங்கி வழியாக ஜெர்மனி நாட்டு நிதி வந்தது. 2003-04-இல் நபார்டு 50 கோடி ரூபாயில் பழங்குடியினர் மேம்பாட்டு நிதியை ஏற்படுத்தியது. வாடி பல மாநிலங்களுக்குப் பரவியது.

"அப்படியானால் முதல் பணம் நம் உழைப்புதான்" என்றார் பெரியம்மா.

கணக்குப் போடுவோம்

1 ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் 40 மாங்கன்று நடலாம். விலையை இப்படி வைத்துக்கொள்வோம்:

கன்று: 40 × 60 = 2,400 ரூபாய்
குழி வெட்டக் கூலி: 40 × 100 = 4,000 ரூபாய்
எரு: 40 × 40 = 1,600 ரூபாய்
வேலி: 12,000 ரூபாய்
மொத்தம்: 20,000 ரூபாய்

குழியை நாமே வெட்டினால் 4,000 ரூபாய் மிச்சம். குழுவின் பங்கு 2,000 ரூபாய். நாம் தேட வேண்டியது 14,000 ரூபாய்தான். கோடையில் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம்.

எங்கே கேட்பது?

1. கிராம சபை: முதலில் நிலத்துக்கு அனுமதி வேண்டும். தீர்மானம் போட்டு அதன் நகலை வாங்க வேண்டும். அது இல்லாமல் வேறு எங்கும் போக முடியாது.

2. தோட்டக்கலைத் துறை அலுவலகம்: எந்தக் கன்றுக்கு, யாருக்கு மானியம் என்று கேட்க வேண்டும். சில மானியங்கள் செலவு செய்த பிறகுதான் வரும். அதையும் கேட்க வேண்டும்.

3. வங்கி: சுய உதவிக் குழுவுக்குக் கடன் கிடைக்கும். ஆனால் ஒட்டு மா நன்றாகக் காய்க்க 4, 5 ஆண்டுகள் ஆகும். கடன் தவணையோ அடுத்த மாதமே வரும். எனவே மரத்தை நம்பிப் பெரிய கடன் வாங்கக் கூடாது. ஊடுபயிராகக் காய்கறி போட்டால் கைச்செலவுக்கு ஆகும்.

மனு எழுதுவோம்

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கு,
ஐயா / அம்மா,
பள்ளிக்குப் பின்னால் உள்ள 1 ஏக்கர் பொது நிலத்தில் பழத்தோப்பு வைக்க விரும்புகிறோம். குழி வெட்டுதல், தண்ணீர் ஊற்றுதல் எங்கள் பொறுப்பு. இதை வரும் கிராம சபையில் வைத்து அனுமதி தர வேண்டுகிறோம்.
இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்

பெரியம்மா மனுவை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். 'பொறுப்பு' என்ற சொல்லில் நின்றார். மறுபடி படித்தார். பிறகுதான் பேனாவை எடுத்தார். கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நினைவில் வைப்போம்

படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.
ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.
மனுவின் நகல் ஒன்றை நம்மிடம் வைக்க வேண்டும்.
வரவு செலவை மாதம் ஒரு முறை எல்லோர் முன்னும் படிக்க வேண்டும்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் பொது நிலம் எங்கே உள்ளது?
2. தோப்பில் காய்க்கும் பழத்தை எப்படிப் பங்கிடுவீர்கள்? நடும் முன்பே ஏன் முடிவு செய்ய வேண்டும்?
3. உங்கள் ஊர் விலையில் மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்.