அப்பாவின் கார்டுக் கடன்: பிள்ளைகள் அறிய வேண்டியவை

மத்திய அரசு வேலைக்கென்று தில்லிக்கு வந்து, ஆர்.கே.புரத்திலும் கரோல்பாகிலும் குடித்தனம் நடத்தி, ஓய்வுக்குப் பின் மயூர் விஹார், துவாரகா என்று ஃப்ளாட் வாங்கிக் குடியேறிய தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் கடும் நோயில் படுத்துவிடும்போது, மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் பிள்ளைகளின் கண்ணில் படுகிறது கிரெடிட் கார்டு பில். அதுவரை அப்பா யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். கடன் இல்லாமல் வாழ்ந்தோம் என்பதே அவர்களுடைய பெருமை அல்லவா?

இந்த நேரத்தில் நாம் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, நோயாளியிடம் கோபித்துக்கொள்வது. மற்றொன்று, பதற்றத்தில் அம்மாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிடுவது. இரண்டுக்கும் முன்னால் சற்று நிதானிப்போம்.

முதலில் கணக்கு

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் உடம்பைப் பாருங்கள் அப்பா, காகிதங்களை நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எத்தனை கார்டு, எவ்வளவு நிலுவை, எந்தத் தேதி, தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். கார்டுடன் காப்பீடு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அன்று முதல் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

வட்டியின் வேகத்தையும் அறிய வேண்டும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 3,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. நீங்கள் 5,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்தான். வட்டி அநியாயம் என்று வழக்காடியும் பயனில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

கடன் யாருடையது?

தந்தை கடன் மகன் தலையில் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். பழைய இந்து சட்டமும் அதைப் புனிதக் கடமை என்றே கருதியது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன்பின் வாங்கிய கடனுக்கு அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன், பேரன்மீது வழக்காட முடியாது என்று சொல்லிவிட்டது. கடன்பட்டவர் காலமானால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கே வாரிசு பொறுப்பு. இது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு.

ஆகவே அப்பாவின் பணம் அப்பாவின் கடனுக்குப் போகட்டும். அம்மாவின் சொந்தச் சேமிப்பு அம்மாவுடையது. மனசாட்சிக்காக நீங்கள் அடைக்க விரும்பினால் அது உங்கள் விருப்பம். சட்டம் என்று பயந்து செய்யாதீர்கள். அதே சமயம், கடனைத் தவிர்ப்பதற்காகச் சொத்தை அவசரமாக வேறு பெயருக்கு மாற்றுவதும் கூடாது; அது நீதிமன்றத்தில் நிற்காது. அரசு ஓய்வூதியத்தைக் கடன்காரர் நீதிமன்றம் மூலம் ஜப்தி செய்ய முடியாது என்கிறது 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம்.

செலவில் வரிசை இதுதான்: மருந்து, சாப்பாடு, வீடு. அதற்குப் பிறகுதான் கார்டு.

கையெழுத்து

அப்பா நினைவோடு இருக்கும்போதே பவர் ஆஃப் அட்டர்னி எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அவர் சித்த சுவாதீனம் இழந்தால் அது செல்லாது. அந்த நிலை வந்தால் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிப்பதற்கான வழிமுறைகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் வகுத்திருக்கிறது. கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியவில்லை என்றால் கவலை வேண்டாம். சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வங்கிகளில் வழி உண்டு.

வசூல் ஆட்கள்

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, குடும்பத்தாரை மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கட்ட முடியாமல் போவது மட்டும் போலீஸ் வழக்கு ஆகாது. ஆனால் நெருக்கடிக்குப் பணிந்து உங்கள் பெயரில் காசோலை கொடுத்து அது திரும்பினால், குற்றவழக்கு உங்கள்மேல் வரும். உத்தரவாதக் கையெழுத்தும் போடாதீர்கள்.

சமரசம்

நோயின் சான்றிதழுடன் வங்கிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தவணையாக மாற்றவோ, வட்டியைக் குறைக்கவோ, ஒரே தொகையில் முடிக்கவோ கேளுங்கள். ஒப்புக்கொண்டால் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டியபின் பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்கிவிடுங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தீஸ் ஹசாரி, சாகேத், துவாரகா நீதிமன்றங்களில் நடக்கும் லோக் அதாலத்திலும் இத்தகைய கடன்கள் பேசி முடிக்கப்படுகின்றன. அங்கே ஏற்ற தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் யோசித்துச் சம்மதியுங்கள். கடன் அம்மாவின் பெயரில் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

இவ்வளவையும் செய்தபின் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "கணக்கு ஒழுங்காகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருந்து கொடுக்காத நிம்மதியை அது கொடுக்கும்.