காத்திருந்த வாடிக்கையாளரும் 'சுத்தமான டீசல்' காரும்

கடைக்கு முதல் எவ்வளவு என்று கேட்டால், சாமானையும் வங்கியில் கிடக்கும் காசையும் கூட்டிச் சொல்லிவிடுவோம். கணக்குப் புத்தகத்தில் ஏறாத முதல் ஒன்றும் இருக்கிறது. "நீங்கள் சொன்ன அந்தச் சாமான் வரட்டும், அதுவரை வேறிடத்தில் வாங்க மாட்டேன்" என்று ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்புத்தான் அது. எழுத்தும் சாட்சியும் இல்லாமல் அவர் நமக்குத் தந்திருக்கும் கடன் அது.

இந்தக் கடன் எப்படிச் சேருகிறது, அதைத் தீர்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கக் கார்ச் சந்தையில் நல்லதோர் உதாரணம் உண்டு. 2008இல் அங்கு விற்பனைக்கு வந்த 'சுத்தமான டீசல்' காரின் கதை அது. முடிவு பலருக்குத் தெரியும். ஆனால் வியாபாரிக்குரிய பாடம் அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

எதற்காகக் காத்திருந்தார்கள்?

ஐரோப்பாவில் டீசல் கார் சாதாரண விடயம். அமெரிக்காவில் அப்படியல்ல. டீசல் என்றால் லொறிக்குரியது, கறுப்புப் புகையும் நாற்றமும் கொண்டது என்பதே அங்கு பொதுவான எண்ணம். ஆனாலும் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி விற்ற ஜெட்டா டீசல் காருக்கு ஒரு சிறிய, ஆனால் மிக விசுவாசமான கூட்டம் இருந்தது. குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடும், இயந்திரம் நீண்ட காலம் உழைக்கும், பழையதாக விற்றாலும் நல்ல விலை போகும் என்பதால் ஒரு காரை விற்று மறுபடியும் அதே ரகத்தையே வாங்குபவர்கள் இவர்கள்.

2007 மாதிரி ஆண்டில் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு இறுகியது. மைலுக்கு 0.07 கிராம் நைதரசன் ஒட்சைட்டு என்பதே புதிய எல்லை. கிலோமீற்றரில் சொன்னால் சுமார் 0.04 கிராம். ஐரோப்பாவில் அதற்குப் பின்னர், 2009இல் நடைமுறைக்கு வந்த டீசல் விதியே 0.18 கிராமை அனுமதித்தது. ஜெட்டா டீசல் இந்த எல்லைக்குள் வர முடியாமல் சந்தையிலிருந்து விலகியது. 2007 மாதிரியென்று ஒன்று வரவேயில்லை.

இதற்கிடையில் 2006இலிருந்து கந்தகம் மிகக் குறைந்த டீசல் அமெரிக்க நிரப்பு நிலையங்களுக்கு வரத் தொடங்கியது. பத்து இலட்சத்தில் 500 பங்காக இருந்த கந்தகம் 15 பங்காகக் குறைந்தது. நவீன வடிகட்டிகள் வேலை செய்வதற்கு இந்த எரிபொருள் அவசியம். "இனிப் புதிய சுத்தமான டீசல் வரும்" என்று கம்பனியும் அறிவித்தது. 2008இன் முற்பகுதியில் வரும் என எதிர்பார்க்கப்பட்ட கார், புகைக் கட்டுப்பாட்டு வேலைகளால் தாமதமாகி ஓகஸ்டில்தான் காட்சியறைகளுக்கு வந்தது. பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டு, வேறு கார் வாங்காமல் காத்திருந்தவர்கள் அந்த விசுவாசிகள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்து இப்படியொரு கூட்டத்தைச் சேர்க்க முடியாது.

கணக்கும் சரியாகவே இருந்தது

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆசைப்பட்டவர்களுமல்ல. 2 லீற்றர் இயந்திரம், 140 குதிரைவலு, நெடுஞ்சாலையில் கலனுக்கு 41 மைல், அதாவது லீற்றருக்குச் சுமார் 17 கிலோமீற்றர். விலை ஏறக்குறைய 22,000 டொலர். ஒத்த பெற்றோல் காரைவிடச் சுமார் 2,000 டொலர் கூட. ஆனால் சிக்கனமான கார் என்பதால் அரசாங்கம் வரியில் 1,300 டொலர் கழித்தது. மிஞ்சிய வித்தியாசம் 700 டொலர்.

2008 ஜூலையில் அங்கு பெற்றோல் கலன் 4.10 டொலர், டீசல் 4.70 டொலர் அளவில் இருந்தது. வருடத்துக்கு 15,000 மைல் ஓடுபவரை எடுத்துக்கொள்வோம். கலனுக்கு 29 மைல் ஓடும் பெற்றோல் காருக்கு 2,120 டொலர் செலவு. 41 மைல் ஓடும் டீசலுக்கு 1,720 டொலர். டீசல் விலை கூடியிருந்தும் வருடத்துக்கு 400 டொலர் மிச்சம். இரண்டு வருடத்துக்குள் அந்த 700 டொலரும் கைக்குத் திரும்பிவிடும்.

2008 நவம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் வாகனக் கண்காட்சியில் இந்தக் காருக்கே 'ஆண்டின் பசுமைக் கார்' விருதும் கிடைத்தது. விலையும் சரி, ஓட்டமும் சரி, பெயரும் சரி. வாங்கியவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

புகை தெரியாவிட்டால் சுத்தமா?

டீசல் இயந்திரத்தின் அழுக்கு இருவகை. ஒன்று கரி. இது கண்ணுக்குத் தெரியும். புகைக்குழாயில் வடிகட்டி பூட்டினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மற்றது நைதரசன் ஒட்சைட்டு. வாகனத்தின் பின்னால் நிற்பவரின் கண்ணுக்கு இது அகப்படாது. ஆனால் சுவாசப் பைக்குக் கேடு. நகரங்களின் மேல் புகைமூட்டம் உண்டாவதிலும் இதற்குப் பங்குண்டு.

சிக்கல் இங்குதான். சூடாக எரித்தால் கரி குறையும், மைலேஜ் கூடும், நைதரசன் ஒட்சைட்டும் கூடும். சூட்டைக் குறைத்தால் அது குறையும், கரி கூடும். ஒருபக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும் தராசு போன்றது. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, யூரியாக் கரைசலுக்குத் தனித் தாங்கி வைத்து, புகையில் அதைத் தெளிப்பது. செலவும் கூட, இடமும் வேண்டும், அவ்வப்போது நிரப்பவும் வேண்டும். மற்றது, நைதரசன் ஒட்சைட்டைப் பிடித்து வைக்கும் பொறி. அது நிரம்பும்போதெல்லாம் மேலதிக எரிபொருளை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் மைலேஜ் சற்றுக் குறையும், கரி வடிகட்டியிலும் சுமை ஏறும். ஜெட்டாவுக்குத் தெரிவு செய்யப்பட்டது இந்த இரண்டாவது வழி.

ஒரே சுவரில் முட்டிய மூவர்

இதே சுவரில் வேறு கம்பனிகளும் முட்டின. யூரியா இல்லாமலே அமெரிக்க விதிக்குள் வரும் டீசல் காரை மூன்று வருடத்தில் தருவோம் என்று 2006இல் ஹொண்டா அறிவித்தது. அதன் அக்கியூரா காருக்காகவும் பலர் காத்திருந்தார்கள். 2009 அளவில் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. காரில் டீசலுக்குப் பதிலாகப் பெற்றோல் இயந்திரமே வந்தது.

மஸ்டா தனது மஸ்டா 6 காரில் டீசல் வரும் என்று 2012 நவம்பரில் அறிவித்தது. 2013இன் பிற்பகுதி என்றார்கள். பின்னர் 2014 வசந்தகாலம் என்றார்கள். 2014 ஜனவரியில், விதிக்கும் பொருந்தி எங்கள் காருக்குரிய ஓட்டமும் கிடைக்கும்வரை தரமாட்டோம் என்று திகதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள், கோபப்பட்டார்கள். 2019இல் வேறொரு மஸ்டா வாகனத்தில் யூரியாத் தாங்கியோடு டீசல் வந்தது. அதுவும் அதிகம் விற்காமல் அந்த ஒரு வருடத்தோடு நின்றது. உண்மை சொன்னவருக்கு இலாபம் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு ஒரு சந்தை கைநழுவியது. அவ்வளவுதான் நட்டம்.

மூன்றாமவரான வொக்ஸ்வாகன் என்ன செய்தது? விதிக்கும் பொருந்தி, வாடிக்கையாளரையும் கவரும் இயந்திரத்தைச் செய்ய முடியாது என்பதைக் கம்பனியின் பொறியியலாளர்கள் 2006 அளவிலேயே உணர்ந்திருந்தார்கள். 2017இல் கம்பனியே ஒப்புக்கொண்ட நீதிமன்ற ஆவணத்தில் இது உள்ளது. "இன்னும் முடியவில்லை" என்று சொல்லும் இடத்தில், காரின் கணினியில் ஒரு மென்பொருளை வைத்தார்கள். சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா, தெருவில் ஓடுகிறதா என்று அது கண்டுபிடிக்கும். சோதனையென்றால் சுத்திகரிப்பு முழுமையாக வேலை செய்யும். தெருவென்றால் தளர்ந்துவிடும்.

இன்னுமொன்று. 2012 அளவில் சில கார்களில் பாகங்கள் பழுதடையத் தொடங்கின. தெருவில் ஓடும்போதும் கார் சில வேளைகளில் சோதனை நிலையிலேயே இருந்துவிடுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று பொறியியலாளர்கள் கருதினார்கள். பழுதைத் திருத்த அவர்கள் செய்தது என்ன? ஸ்டியரிங் அசைகிறதா என்று பார்த்துத் தெருவை இன்னும் சரியாக இனங்காணும்படி அந்த மென்பொருளையே மெருகூட்டினார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்க்குச் சம்பளம் கொடுத்த கதை இது.

2015இல் வந்த ஒரு விளம்பரத்தில் வெள்ளைத் துணியைப் புகைக்குழாயில் பிடித்துக் காட்டினார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. அது பொய்யல்ல. கரி இல்லை என்பது உண்மைதான். கண்ணுக்குத் தெரியும் குறையைக் காட்டி, தெரியாத குறையை மறைத்தார்கள்.

சோதனை அறையும் தெருவும்

பிடிபட்டது ஒரு எளிய வேலையால். அமெரிக்க டீசல் கார் எவ்வளவு சுத்தமானது என்று ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்ற நல்லெண்ணத்தில் ஒரு சுற்றாடல் ஆய்வு அமைப்பு, மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திடம் சோதனையொன்றை ஒப்படைத்தது. செலவு ஒரு இலட்சம் டொலரைக்கூட எட்டவில்லை. 2013இல் அளவுகருவிகளைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். ஜெட்டா, விதியின் எல்லையைவிட 15 முதல் 35 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டை வெளியிட்டது.

2014இல் இந்த அறிக்கை வெளியானது. அப்போதும் உண்மை சொல்லச் சந்தர்ப்பம் இருந்தது. கம்பனி சாக்குச் சொன்னது. அதே வருடம் டிசம்பரில் சுமார் 5 இலட்சம் கார்களை அழைத்து மென்பொருளை மாற்றித் திருத்திவிட்டோம் என்றது. கலிபோர்னியா அதிகாரிகள் மீண்டும் சோதித்தபோது புகை எல்லைக்குள் வரவில்லை. புதிய கார்களுக்கு அனுமதி தரமாட்டோம் என்று அவர்கள் இறுக்கிய பின்னரே, 2015 செப்டெம்பரில் ஒப்புதல் வந்தது. செப்டெம்பர் 18இல் விடயம் பகிரங்கமானது. இரண்டு வியாபார நாட்களில் பங்கு விலையில் மூன்றிலொன்று கரைந்தது. 23ஆம் திகதி தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார்.

யார் கொடுத்தார்கள் விலை?

2016இல் ஏற்பட்ட அமெரிக்க இணக்கப்பாடு மட்டும் 1,470 கோடி டொலர் வரை சென்றது. கார்களைப் பழைய விலைக்கே திருப்பி வாங்கி, மேலதிகமாக ஒவ்வொருவருக்கும் 5,100 முதல் சுமார் 10,000 டொலர் வரை நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்னும் 430 கோடி டொலர் தண்டம். உலகம் முழுவதும் மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவைக் கடந்தது. திருப்பி வாங்கிய கார்களை நிறுத்த இடமில்லாமல் மிச்சிகன் மாநிலத்தில் மூடிக்கிடந்த ஒரு விளையாட்டரங்கின் வளவையும் வாடகைக்கு எடுத்து நிரப்பினார்கள்.

நமது கவனத்துக்குரியவர்கள் இன்னொரு கூட்டம். சுமார் 650 முகவர்கள். குடும்பமாகக் காட்சியறை நடத்தும் வியாபாரிகளும் இவர்களில் இருந்தார்கள். மென்பொருள் பற்றி எதுவும் அறியாமல், "இது சுத்தமான கார்" என்று அயலவரிடமும் சிநேகிதரிடமும் தம் வாயால் சொல்லி விற்றவர்கள். ஒரே நாளில் புதிய டீசல் கார் விற்கத் தடை. வளவில் கார், வங்கியில் வட்டி, வாசலில் கோபத்தோடு வாடிக்கையாளர். 120 கோடி டொலர் வரை நட்டஈடு கிடைத்தது உண்மை. ஆனால் ஊரில் இழந்த வார்த்தையை எந்தக் காசோலை மீட்கும்?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. "இன்னும் சரிவரவில்லை" என்று சொல்லும் வார்த்தைக்குச் செலவு உண்டு. ஓடர் போகும், ஆளும் போகலாம். ஆனால் அந்தச் செலவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மறைப்பதற்கு ஆகும் செலவுக்கு எல்லை இல்லை.

2. வாக்குக் கொடுக்குமுன் கையிருப்பைப் பாருங்கள். திகதியை முதலில் சொல்லிவிட்டுப் பொருளைப் பின்னர் தேடுபவருக்கு, திகதி நெருங்கும்போது குறுக்குவழி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

3. சாம்பிளும் சாமானும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். கம்பனியின் சான்றிதழ் சோதனை அறையின் கதை. தெருவின் கதை வேறாக இருக்கலாம். புதிய சரக்கென்றால் ஒன்றிரண்டை நீங்களே பாவித்துப் பாருங்கள். பிறர் செய்த பொருளைத் தம் பெயரில் விற்பவருக்கு இது மிக அவசியம்.

4. கேட்காத குறையையும் சொல்லுங்கள். வெள்ளைத் துணியைக் காட்டி விற்காதீர்கள். வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய இடத்தில் பொருள் நன்றாக இருப்பது போதாது. அவரால் பார்க்க முடியாத இடத்தில் நமது வார்த்தையைத்தான் அவர் வாங்குகிறார்.

5. குறை வெளிவந்த முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள். 2014இல் முடிந்திருக்க வேண்டிய விடயம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. அந்தக் காலத்தில் விற்ற ஒவ்வொரு காரும் கடனாகவே சேர்ந்தது.

உங்களிடம் ஏதோ ஒரு பொருளுக்காக இன்று யார் காத்திருக்கிறார்கள்? அவர்களின் பெயரை ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தரமுடியாத ஏதாவது அதில் இருந்தால், இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள்.